வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது

சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரு மூச்சு விடும். அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் கறகறவென்று சுற்றும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும், வண்டி முழுக்க ஓர் உதறல் ஓடும், அப்பாடா என்று நிமிர்வதற்குள் அடங்கிவிடும். அடங்கிய பிறகு ஷெட்டுக்குள் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதைத்தான் மெக்கானிக் ஸ்பேனரால் தாங்க முடியவில்லை. ஓடவே ஓடாத வண்டி என்றால் மனசு ஒருவழியாகத் தேறிவிடும். இது ஓடுகிற மாதிரி ஆசை காட்டிவிட்டுச் செத்துச் செத்துப் போகிறது. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து இதே கதை. இப்போது வெயில் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேட்டரியும் களைத்துப்போய், சார்ஜரில் போட்டு எடுத்து மறுபடி மாட்டியாயிற்று.

"கொட்டாவி விடுது," என்றார் கரண்ட். "ராத்திரி சரியாத் தூங்கலையோ என்னவோ."

"உன் வாய்க்கு ஒரு ஃப்யூஸ் போட்டா நல்லா இருக்கும்."

"என் வீட்டுக்காரி போட்டுப் பாத்தா. அதுவும் எரிஞ்சு போச்சு."

கரண்ட், பக்கத்து ஷெட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மூட்டுவலி. ஸ்பேனருக்கு இரும்பு பிடிபடும், கரண்ட்டுக்கு ஒயர் பிடிபடும். ஒருவர் வேலையில் மற்றவர் குறை சொல்லிக்கொண்டே இத்தனை காலம் ஓட்டிவிட்டார்கள். ஸ்பேனர் என்கிற பேர், பின்பாக்கெட்டில் எந்நேரமும் செருகியிருக்கும் ஸ்பேனரால் வந்தது. தங்கச்சி கல்யாணத்தன்றுகூட அது அங்கேதான் இருந்தது. புதுச் சட்டை, புதுப் பேண்ட், பின்னால் ஸ்பேனர். போட்டோக்காரர் பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தில் பெண் மாப்பிள்ளை முகங்களைவிட அதுதான் பளிச்சென்று விழுந்திருந்தது. "உங்கண்ணன் என்னைக் கழட்டி மாட்டத்தான் வந்திருக்காரு போல," என்று மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னது வெகுநாள் வரைக்கும் வீட்டில் சிரிப்பாக ஓடியது.

இன்ஜின் மாற்றிய வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாற்றியவனுடைய மறதியை. எதையாவது மாட்ட மறந்திருப்பான், மாட்டியதை முடுக்க மறந்திருப்பான். ஆகவே ஸ்பேனர் தன்னைத்தான் சோதித்துக்கொண்டு வந்தார். இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் ஒயரை அவிழ்த்து, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு மறுபடி முடுக்கினார். பின் சீட்டைத் தூக்கி, டேங்க்மேல் காதை வைத்துக்கொண்டு, கரண்ட்டைச் சாவி திருப்பச் சொன்னார். பம்ப் உறுமிப் பெட்ரோலைத் தள்ளியது. ப்ளக்குகளைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தார்கள். நீலமாகப் பொறி விழுந்தது. காற்றுக்குழாய் எங்காவது பிரிந்திருக்கிறதா, சென்சார் கிளிப்புகளில் ஏதாவது சரியாக உட்காராமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் இருந்தது. அதனதன் இடத்தில் அதது இருந்தது.

"கல்யாண வீட்டுக்கு எல்லாரும் வந்தாச்சு, சாப்பாடு ரெடி, மாப்பிள்ளையத்தான் காணோங்கிற மாதிரில்ல இருக்கு," என்றார் கரண்ட். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, தேவையே இல்லாமல் ஒரு ஒயரைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்பேனரும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

அந்த இன்ஜினே மாப்பிள்ளையுடைய இன்ஜின்தான். ஸ்பேனரின் தங்கச்சி புருஷன் வாடகைக் கார் ஓட்டியவர். பட்டப்பகலில், ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஒழுங்காக வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்தபோது எடுக்கவில்லை. நெஞ்சு நின்றுபோயிருந்தது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்காவது முட்டி மோதி நசுங்கியிருந்தால் அதன்மேலாவது பழியைப் போட்டிருக்கலாம். அது பாட்டுக்குப் புதுப்பெண் மாதிரி நின்றது. இழுவை வண்டி கொண்டுவந்து ஷெட்டில் தள்ளிவிட்டுப் போனபோது, தங்கச்சி சொன்னது ஒன்றுதான். "அந்த வண்டி என் கண்ணுல படக்கூடாதுண்ணே. அதோட ஒரு போல்ட்டுகூட எனக்கு வேண்டாம். வித்துரு." ஸ்பேனர் அதை மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். வாங்க ஆள் வந்தார்கள், வராமல் இல்லை. வந்தவர்களுக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. டிரைவர் சீட்டில் உட்காராமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஒருத்தரும் யோசித்துச் சொல்லவில்லை.

தங்கச்சி பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிற வேலையில் இருந்தாள். புருஷன் போன பிறகு அவள் பேசுகிற பேச்செல்லாம் ம், இல்ல, சாப்பிட்டேன் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படி இருந்தவள் ஒருநாள் தானாக ஷெட்டுக்கு வந்து, பேக்கரியில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிற வேலை காலியாகிறது, தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, சொந்த வண்டி மட்டும் இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து அந்த வேலை தனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். திங்கட்கிழமை விடிகிறபோது வண்டி பேக்கரி வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னொருத்தன் வேனோடு தயாராக இருக்கிறான். அவள் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி ஸ்பேனர் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வண்டி வேண்டுமா, உயிர் வேண்டுமா என்று கேட்டிருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருப்பார்.

ஸ்பேனரிடம் ஒரு பழைய கார் இருந்தது. மாப்பிள்ளை வண்டியின் அதே கம்பெனி, முந்தைய மாடல். உடம்பு கல்லு மாதிரி, இன்ஜின் மட்டும் இறுகிப்போய்க் கிடந்தது. தார்ப்பாய்க்குள் ஓர் இன்ஜின் நல்ல நிலையில் சும்மா கிடந்தது. இன்ஜினுக்கு முகமா இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பானெட்டை மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது. தங்கச்சியிடம், "பழைய சாமான் கடையில ஒரு இன்ஜின் அமைஞ்சுதும்மா," என்றார். அவளும் நம்பினாள். முன்கூட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்தானே.

கழற்றும்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அந்த இன்ஜினில் அவர் கை படாத இடமே இல்லை. இந்த பெல்ட் அவர் போட்டது, இந்த வாஷர் அவர் வெட்டியது. பக்கவாட்டில் ஆடிச் சத்தம் போட்ட ஒரு குழாயை மாப்பிள்ளை தங்கச்சியின் தலைமுடி ரப்பரால் கட்டி வைத்திருந்தார். சூட்டில் கறுத்து இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் அதைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கிளிப் போட்டார். வெட்டினதைக் குப்பைத் தொட்டிவரைக்கும் கொண்டுபோனார், போட முடியவில்லை. எங்கே வைத்தார் என்பது அவருக்கே இப்போது நினைவில்லை.

கரண்ட் திடீரென்று ஒயரைத் துடைப்பதை நிறுத்தினார். "ஸ்பேனரு, இன்னொரு வாட்டி திருப்பு."

திருப்பினார். பிடித்தது, உதறியது, நின்றது.

"இன்னொரு வாட்டி."

அதே மாதிரி.

"கவனிச்சியா? தானா சாகுற வண்டி தள்ளாடித் தள்ளாடித்தான் சாகும். இது அப்படி இல்ல. யாரோ கழுத்தப் புடிச்சுத் திருகுற மாதிரி ஒரே அறுப்பா நிக்குது. எப்பவும் அதே இடத்துல." கரண்ட் டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே குனிந்து, மாப்பிள்ளை வண்டியின் டேஷ்போர்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் மாறியிருந்தது. "இந்த மாடல்ல சாவிப் படம் போட்டு ஒரு குட்டி விளக்கு இருக்கு. உன் பழைய வண்டியில அது கெடையாது. இருந்திருந்தா காலையிலயே கண்ணடிச்சுக் காட்டிக் குடுத்திருக்கும்."

"புரியற மாதிரி சொல்லுய்யா."

"புது இன்ஜினுக்கு உன் வண்டியோட பழைய கம்ப்யூட்டர் பெட்டி சேராதுன்னு, அதோட பெட்டியையும் சேத்துல்ல தூக்கிட்டு வந்தோம்? அந்தப் பெட்டிதான் விட மாட்டேங்குது. அந்த வண்டிச் சாவியோட தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெட்டி அதக் கேக்கும். யாரு, நீதானான்னு. பதில் வரலைன்னா பெட்ரோல நிறுத்திரும். நாம உன் வண்டிச் சாவியப் போட்டுத் திருகிக்கிட்டிருக்கோம். அது பழைய ஆளத் தேடுது."

"பழைய ஆளையா?"

"சாவியச் சொல்றேன்யா."

ஸ்பேனர் கீழே கழற்றிப் போட்டிருந்த ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். அவர் கை பழகிய வண்டிகளில் சாவி என்றால் பூட்டைத் திறக்கிற இரும்பு. அதற்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஓர் இன்ஜின் ஆள் பார்த்து ஓடும் என்பது அவருடைய கணக்கிலேயே இல்லாதது.

"பெட்டிய அனுப்பினா பழைய சாவிய மறக்கடிச்சுக் குடுக்குற ஆளு ஒருத்தன் இருக்கான்," என்றார் கரண்ட். "ஆனா போய் வர ரெண்டு வாரமாவது ஆகும். சாவி இருந்தா ஒரு மணி நேர வேலை. சாவி எங்க?"

இரண்டு சாவிகளில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. யார் தொலைத்தது என்பதில் புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். மற்றது எங்கே இருக்கிறது என்று ஸ்பேனருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதை மாப்பிள்ளையின் மற்ற சாமான்களோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மடித்துப் பின் அடித்துத் தங்கச்சி கையில் கொடுத்தார்கள். அப்போது கூட நின்றது அவர்தான்.

அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் போய் எடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. கை கழுவுகிற வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது. துடைக்கிறபோது அருவருப்பாகிவிட்டது. அன்று சனிக்கிழமை. அவள் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவாள். மாடிப்படி ஏறும்போது என்ன சொல்வது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய் தயார் செய்துகொண்டே போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. தங்கச்சி அறையின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தட்டு. தரையில், காலடியில், வரிசையாக மூன்று செருப்புகள். ஒவ்வொன்றின் மேலும் கால் மாறி மாறிப் போய் வந்தது.

"இருண்ணே, ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். "சந்துக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனருக்கும் வந்தது. இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே சுவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். மூன்று செருப்புகளில் இரண்டு அவளுடையவை. பிரேக்குக்கு வைத்திருந்தது ஆண் செருப்பு, பெரியது, குதிகாலில் தேய்ந்தது. ஸ்பேனர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலோரம் போய் நின்றார்.

"கிளட்ச்சுதான் பயமா இருக்கு. படக்குனு விட்டுருவேன். அவரு என்னைத் திட்டாத நாளே கெடையாது. முட்டைய மிதிக்கிற மாதிரி மிதிடீன்னு சொல்லுவாரு. முட்டைய யாராவது மிதிப்பாங்களா?" தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "வண்டி கெளம்பிருச்சா?"

"கெளம்பிரும். ஒரு சின்ன வேலை பாக்கி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வண்டிக்கு ஆள் வந்திருக்கும்மா. அதான், சாவி வேணும்."

அவள் கால் அந்தப் பெரிய செருப்பின் மேல் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, பீரோவின் தலையைக் கையால் காட்டினாள். "பெட்டிக்குப் பின்னாடி இருக்கு. நான் பிரிக்கல. நீயே எடுத்துக்க." சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அங்கே கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை என்பது ஸ்பேனர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

பின்னை நகத்தால் நெம்பிப் பையைப் பிரித்தார். மேலே சட்டை இருந்தது, நீளவாக்கில் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் வெட்டியவர் எவ்வளவு நேராக வெட்டியிருக்கிறார் என்று தோன்றியது. அதன் அடியில் பர்ஸ், மூக்குக் கண்ணாடி, பாதி தின்ற மிட்டாய்ச் சுருள். அடியாழத்தில் சாவி. அதற்குள் வாசனை வந்துவிட்டது. பவுடர், வியர்வை, நாள்முழுக்கக் கார் சீட்டில் சாய்ந்து கிடந்த ஒரு முதுகின் வாசனை. ஆளே அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

குழாய் நின்றது. "மூடிருண்ணே," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இங்க வரைக்கும் வருது."

அவர் அவசரமாக மடித்தார். எவ்வளவு மடித்தும் பை வாயைத் திறந்துகொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு தலையணையை வைத்துப் பழைய இடத்தில் தள்ளினார். திரும்பினால் அவள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"யாருண்ணே வாங்குறது?"

"ஒரு பொம்பள."

"குடும்பத்தோடயா?"

"இல்ல. தனியா இருக்கிற பொண்ணு. பொழப்புக்குத்தான் வாங்குது."

"சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"அதுல ஒரு ஆள் போயிட்டாருன்னு."

ஸ்பேனர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கும்மா. இன்ஜினுக்கு என்ன தெரியும்?"

"இன்ஜினுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரியணும்ல." அவள் குரல் உயரவில்லை. "பாவம், ஒத்தையா ஓட்டிட்டுத் திரியப்போறவ. நாளைக்கு யாராவது தெருவுல வச்சுச் சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? தெரிஞ்சு வாங்கினா அது அவ இஷ்டம். வாங்குறவங்ககிட்ட சொல்லணும்ணே. மறைச்சு மட்டும் குடுக்காத."

"சரிம்மா."

"சத்தியமா சொல்லிருவியா?"

"சொல்லிர்றேன்."

வாசல்வரைக்கும் கூடவே வந்தாள். "எனக்கு நீ போட்டிருக்கியே, அந்த இன்ஜின் யாரோட வண்டியில இருந்துச்சுன்னு கடைக்காரன் சொன்னானா?"

"கேக்கல," என்றார் ஸ்பேனர். படி இறங்கும்போது, ஏறும்போது தயார் செய்த அத்தனை பொய்களும் வழியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் மிதித்துக்கொண்டே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் குளிக்காமலே வந்துவிட்டார். சாவியைக் கையில் வாங்கியவர் வழக்கமான நக்கல் எதுவும் அடிக்கவில்லை. சாவித்துவாரத்தைச் சுற்றி இருந்து சில்லோடு பேசுகிற வளையத்தை அந்த வண்டியிலிருந்து கழற்றி வந்து இதில் ஒயர் கொடுத்து இணைத்தார். பிறகு சாவியின் தலையைக் கத்தி முனையால் பிளக்கப்போனார்.

"உடைக்கணுமா?" என்றார் ஸ்பேனர்.

"இந்தச் சாவி உன் வண்டிப் பூட்டுக்குள்ள நுழையாது. அந்தச் சில்லு மட்டும் பக்கத்துல இருந்தாப் போதும். திருப்புறதெல்லாம் உன் பழைய சாவியே திருப்பும். இது ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

சாவி 'டப்'பென்று இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இருந்ததைக் கரண்ட் உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். அரிசி என்று அவர் சொன்னது சரிதான். ஊதினால் பறந்துவிடும். இதற்காகவா நேற்று முழுக்க அந்த இன்ஜின் செத்துச் செத்துப் பிழைத்தது என்று ஸ்பேனருக்கு இருந்தது. கரண்ட் அதைக் கறுப்பு டேப்பால் வளையத்தோடு சுற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடிக்குள் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"திருப்பு."

திருப்பினார். பிடித்தது. உதறியது. வழக்கமாக நிற்கிற அந்த இடம் வந்தது. இன்ஜின் நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போய், கொஞ்சம் இருமி, பிறகு சீராக, யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி ஓட ஆரம்பித்தது. கரண்ட் பானெட்டைத் தட்டினார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஸ்பேனர் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லிட்டு வர்றேன்," என்று வெளியே போனவர், டீயும் சொல்லவில்லை, திரும்பியும் வரவில்லை.

தங்கச்சி மத்தியானத்துக்கு மேல் வந்தாள். கையில் வாளி, துணி, பின் சீட்டில் விரிப்பதற்குப் பழைய போர்வை. பேக்கரித் தட்டுகள் ஆடாமல் இருக்குமா என்று கையை விரித்து அளந்து பார்த்தாள். கண்ணாடிகளைத் துடைத்தாள். தார்ப்பாய் இருந்த மூலைப் பக்கம் மறந்தும் திரும்பவில்லை. பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, சாவியைத் திருப்பினாள். ஒரே தடவையில் கிளம்பியது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஸ்பேனருக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது. இப்படியே விட்டுவிட்டால் என்ன? நாளைக் காலை அவள் ரொட்டியை ஏற்றிக்கொண்டு போவாள். பானெட்டைத் திறந்து பார்க்கிறவளா அவள்? எத்தனையோ பேர் எத்தனையோ தெரியாமல்தான் எதையெதையோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பின்பாக்கெட்டு ஸ்பேனர் இடுப்பில் குத்தியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் நல்லா இருக்குண்ணே. அந்தப் பொண்ணு வந்துச்சா? வண்டிய எடுத்துக்கிட்டாளா?"

"வந்தா."

"சொன்னியா?"

"இப்பத்தான் சொல்றேன்."

அவள் சிரித்த முகத்தோடு திரும்பினாள். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருக்க, கண் மட்டும் அவர் முகத்தில் எதையோ தேடியது. கண்டுபிடித்தது. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும், சூடான பாத்திரத்தை விடுகிற மாதிரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எது?" என்றாள்.

"இன்ஜின் மட்டும்தான்மா. வேற வழி தெரியல. நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்ல..."

"மட்டும்தானா?"

ஸ்பேனர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் காட்டினார். "அந்தச் சாவிக்குள்ள இருந்தது. அது பக்கத்துல இல்லாம இது ஓட மாட்டேங்குது. நேத்து முழுக்கப் பாத்தேன். ஓடவே மாட்டேங்குது."

அவள் திட்டுவாள், கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போவாள், அல்லது அழுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலைத் தூக்கிக் கிளட்ச்சில் வைத்தாள். முதல் கியர் கரகரத்துக்கொண்டு விழுந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஷெட்டை விட்டு வெளியே வந்தது. ஸ்பேனர் பக்கத்தில் இருப்பது அவளுக்கு நினைவிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு. கடைகள் பாதி மூடிக் கிடந்தன. அவள் பேக்கரியைத் தாண்டிப் போனாள், தன் வீட்டுத் தெருவையும் தாண்டிப் போனாள். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி இடறியது. அவள் உதடு லேசாக அசைவது தெரிந்தது. யாரோ சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்கிற மாதிரியும் இருந்தது, யாரையோ திட்டுகிற மாதிரியும் இருந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்சதூரம் போன பிறகு வண்டி இடறுவது குறைந்தது.

பெட்ரோல் முள் கீழே படுத்துக்கொண்டு வந்தது. சோதனைக்கென்று ஒரு கேனில் வாங்கி ஊற்றியது எவ்வளவு நேரம் தாங்கும். ஊர்க் கடைசியில் ஒரு பங்க்குக்குள் அவளே திருப்பினாள். வண்டியைப் பம்ப்பின் பக்கத்தில், கோணலாக, ஆனால் அணையாமல் நிறுத்தினாள். சீருடை போட்ட ஒரு பெண், முனையில் துளி தொங்கும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவுக்கா?"

"ரொப்பிரு," என்றாள் தங்கச்சி. ஷெட்டிலிருந்து கிளம்பிய பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்ஜின அணைங்கக்கா. ஓடுறப்ப போடக்கூடாது."

தங்கச்சியின் கை சாவிக்குப் போனது. விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சாவி திரும்பவில்லை.

"அணைச்சா மறுபடி வருமாண்ணே?"

"வரும்மா."

அவள் தலையாட்டினாள். கை அப்படியே இருந்தது. பங்க்காரப் பெண் வண்டிக்குள் குனிந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயோடு நிமிர்ந்து நின்றாள். பானெட்டின் தகரம் ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தது. குழாய் முனையில் தொங்கிய துளி பெரிதாகி, சிமென்ட் தரையில் விழுந்து, கண்ணெதிரே சுருங்கிக் காய்ந்தது. முனையில் அடுத்த துளி திரண்டது.